வெளுத்த குருத்தும் எங்க குழுக் கடனும்



கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானபோது, "நீங்க மண்ணு கதையை எழுதுங்கக்கா" என்று எனக்கு இதை ஒதுக்கினார்கள். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். எங்க வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், குழு நோட்டில் எழுதுவது தமிழ். நம்ம தளிப் பக்கம் பாதிப் பேர் வீடு இப்படித்தான். அதனால் சொல் எங்காவது தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்துக்கே இங்கே மூன்று பெயர் இருக்கிறது. எங்க அம்மா மொக்கஜொன்ன என்பார். ஆனேக்கல் சந்தைக்காரர் முசுகின ஜோள என்பார். உரக்கடை ரசீதில் மக்காச்சோளம் என்று இருக்கும்.

பயிருக்கு மூன்று பெயர் வைத்த நாங்கள், அதுக்கு வந்த நோய்க்கு ஒரு பெயரும் தெரியாமல் ஒரு வருஷம் முழுக்க அலைந்தோம். அந்த வருஷம் எங்க குழுவே உடைந்து போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதுக்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை சொன்னால்தான் விளங்கும்.

நான் மருமகளாக வந்த புதிதில் எங்க செம்மண் காட்டில் ராகிதான் முதல் பயிர். ராகி நடுவில் சால் விட்டு அவரை, கடுகு, ஓரத்தில் ஆமணக்கு. கன்னடத்தில் இதை அக்கடி சால் என்பார்கள். ராகி ஏமாற்றினால் அவரை கொடுக்கும், அவரை ஏமாற்றினால் கடைசியில் கொள்ளு விதைத்து மாட்டுக்காவது ஆகும். வீட்டில் இரண்டு உழவு மாடு, ஒரு கறவை, கன்னுக்குட்டிகள். தினம் விடிந்ததும் என் முதல் வேலை கொட்டாயைக் கூட்டிச் சாணியைக் கூடையில் அள்ளி எருக்குழியில் கொட்டுவது. ராகி அறுத்த காட்டில் ஆட்டுப்பட்டி போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடு படுத்த இடம் மறு வருஷம் கருகருன்னு இருக்கும். பட்டிக்காரருக்குக் கூலியாக ராகி அளந்து கொடுப்போம்.

எங்க மாமியாருக்கு ஏக்கர் கணக்கு வராது. வண்டிக் கணக்குதான். "அந்தத் துண்டுக்கு 10 வண்டி, மேட்டுத் துண்டுக்கு 15 வண்டி" என்று எருவால்தான் நிலத்தை அளப்பார். அப்போது இதெல்லாம் எனக்கு முதுகு ஒடிக்கும் வேலையாகத்தான் பட்டது, உள்ளதைச் சொல்கிறேன். அந்த எருவில் தழை மணி சாம்பல் மட்டுமில்லை, துத்தநாகம், போரான், மாங்கனீசு, தாமிரம் என்று பயிருக்குத் துளித்துளியாக வேண்டிய எல்லாமே இருந்தது என்று பின்னால் ஒரு பயிற்சியில் கேட்டபோதுதான் அந்த வண்டிக் கணக்கு எனக்குப் புரிந்தது.

பிறகு எல்லாம் மாறியது. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுப் பிள்ளைகள் கம்பெனிக்கு ஷிப்ட் போக ஆரம்பித்தார்கள். காட்டு வேலை பொம்பளைங்க கைக்கு வந்தது. உழவு மாட்டை விற்றுவிட்டு டிராக்டர் வாடகைக்குப் பிடித்தோம். மாடு போனதும் எருக்குழி தூர்ந்தது. அந்த இடத்தில் உர மூட்டை வந்து உட்கார்ந்தது. 1992இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு அப்படியே நின்றது. ஏழை எதை வாங்குவாள்? விலை குறைந்ததைத்தான். யூரியாவைக் கொட்டினோம், பொட்டாஷை விட்டோம். சூப்பர் பாஸ்பேட் போட்டவர்கள்கூட டிஏபிக்கு மாறினார்கள். சூப்பரில் மணிச்சத்தோடு கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூட வரும். டிஏபியில் தழையும் மணியும் மட்டும்தான். ஒரு மூட்டை மாறினதில் இரண்டு சத்து நிலத்துக்கு வராமல் போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

மக்காச்சோளம் எங்க காட்டுக்கு வந்ததும் இதே காலத்தில்தான். நாட்டில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் 1961இலேயே வெளிவந்துவிட்டது. எங்களிடம் வந்தது ரொம்பப் பின்னால். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை பெருகப் பெருக, தீவனத்துக்கு மக்காச்சோளம் வேண்டியிருந்தது. வியாபாரி லாரியைக் காட்டு ஓரத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். ராகிக்கு அந்த மரியாதை கிடையாது. தட்டு கறவை மாட்டுக்கு ஆச்சு, கதிர் காசுக்கு ஆச்சு. யானை வந்து மிதித்துத் தின்றதுபோக மிச்சம் நமக்கு. ஜவளகிரிக் காட்டோரம் நிலம் வைத்திருக்கிற அக்காமாருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ராகி மாதிரி பொறுத்துப் போகிற பயிர் இல்லை இது. வீரிய ரகம் வயிறு பெரிசு. நிறைய எடுக்கும், நிறையக் கேட்கும். துத்தநாகக் குறையை முதலில் காட்டிக் கொடுக்கிற பயிர்களில் மக்காச்சோளமும் ஒன்று.

இனி நம்ம சங்கக் கதை. இது இளம் உறுப்பினர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு அரசுத் திட்டமாக முதலில் ஆரம்பித்தது சென்னையிலோ கோவையிலோ இல்லை, நம்ம பழைய தருமபுரி மாவட்டத்தில். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரி 9இல்தான். அதனால் அந்த முதல் வரலாற்றில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி எல்லாம் சேர்த்தி. மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் போனது அதுக்கு எட்டு, ஒன்பது வருஷம் கழித்து.

எங்க குழு 12 பேர். வாரம் 10 ரூபாயில் ஆரம்பித்தோம். கறவை மாடு, பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, இதுக்குத்தான் உள்கடன் போகும். பயிருக்கு என்று பெரிய கடன் வாங்கியது 2011இல். வங்கி இணைப்புக் கடன் வந்தபோது, ஏழு பேர் ஆளுக்கு 10,000 எடுத்து மக்காச்சோளம் போட்டோம். ஆடி மழை நல்லா விழுந்தது. விதை நல்ல விதை. முளைப்பும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது வாரம் எங்க மேட்டுத் துண்டில் குருத்து வெளுத்தது.

மஞ்சள் இல்லை, வெள்ளை. புது இலையில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும், அடியில் இருந்து மேலே பட்டை அடித்த மாதிரி வெளுப்பு. ஓரம் மட்டும் பச்சை. செடி குட்டையாக நின்றது. கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லை. அந்தத் துண்டைப் போன கோடையில்தான் ஜேசிபி வைத்துச் சமன் பண்ணினோம். வாடகை கொடுத்து, மேல் மண்ணை வழித்துப் பள்ளத்தில் தள்ளி, அடி மண்ணை மேலே கொண்டு வந்திருந்தோம். சத்து இருந்த தோலை உரித்துவிட்டு எலும்பில் விதைத்த கதை. அப்போது அது தோணவில்லை. "நிலம் பலகை மாதிரி இருக்கு" என்று நானே ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்கு ஓடினேன். எந்தக் கடை என்பது வேண்டாம். அவர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்து பத்தலம்மா, டிஏபி இன்னொரு மூட்டை போடுங்க, யூரியா மேல் போடுங்க, இந்த டானிக்க அடிங்க" என்றார். போட்டோம், அடித்தோம். ஏழு பேரும் அதையேதான் செய்தோம், ஒருத்தி செய்ததைப் பார்த்து ஒருத்தி. வெளுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. மண்ணில் துத்தநாகம் குறைந்திருக்கும்போது மணிச்சத்தை அதிகமாகக் கொட்டினால், பயிர் இருக்கிற கொஞ்சத் துத்தநாகத்தையும் எடுக்க முடியாமல் போகும். இது பின்னால் தெரிந்தது. கடன் வாங்கின காசில் நோயை நாங்களே வளர்த்திருக்கிறோம். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வருஷம் ஏக்கருக்கு எனக்கு 9 மூட்டை. இன்னொரு அக்காவுக்கு 6. தவணை கட்ட முடியவில்லை. இரண்டு மாசம் மற்ற ஐந்து பேர் சேமிப்பில் இருந்து வங்கிக்குக் கட்டினோம். மூன்றாவது மாசக் கூட்டத்தில் வார்த்தை தடித்தது. "எங்க காசை உங்க காட்டுல புதைச்சீங்க" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். சொன்னவள் மேல் தப்பில்லை, அவள் மகளுக்கு அப்போது கல்யாணம் வைத்திருந்தது. ஆண்கள் வேறு, "பொம்பளைங்க பயிர் வெச்சா இப்படித்தான்" என்று டீக்கடையில் பேசினார்கள். எங்க வீட்டிலும் மேட்டுத் துண்டை மனைக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பட்டா என் பேரில் இல்லை. அதனால் அந்தப் பேச்சில் எனக்கு இடமும் இல்லை.

வழி வந்தது மாலூரில் இருந்து. என் நாத்தனாரை அங்கே கொடுத்திருக்கிறோம், கோலார் மாவட்டம். தை மாசம் வந்திருந்தாள். நான் காய வைத்திருந்த தட்டைப் பார்த்து, "அண்ணி, உங்களுதுல ஜிங்க் இல்ல. எங்க ஊர் செவுத்துலயே எழுதி வெச்சிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. செவுத்தில் மண் கதையை யார் எழுதுவார்கள்?

நிஜமாகவே எழுதியிருந்தார்கள். கர்நாடக அரசு 2009இல் பூசேதனா என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஐதராபாத் பக்கத்தில் படான்சேருவில் இருக்கிற இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம்தான் கூட நின்றது. வானம் பார்த்த நிலங்களில் மண் எடுத்துச் சோதித்ததில், தழை மணி சாம்பல் தாண்டி, துத்தநாகம், போரான், கந்தகம் மூன்றும் ஏராளமான காடுகளில் குறைவாக இருந்தது. முதல் வருஷம் கோலார் உட்பட 6 மாவட்டம், மூன்றாவது வருஷம் மாநிலத்தின் 30 மாவட்டமும். விளைச்சலை 20 சதவீதமாவது கூட்டுவது என்று குறி வைத்தார்கள். ஜிங்க் சல்பேட், போராக்ஸ், ஜிப்சம் மூன்றையும் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். எந்த ஊர் மண்ணில் எது குறைவு, ஏக்கருக்கு எவ்வளவு போட வேண்டும் என்று ஊர்ச் சுவரில் எழுதி வைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் படித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அதே செம்மண், அதே ராகி, அதே மக்காச்சோளம். நடுவில் ஒரு செக்போஸ்ட். அந்தப் பக்கம் சுவரில் இருந்தது இந்தப் பக்கம் எங்கள் காதுக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த வெள்ளைக் குருத்து நமக்கு மட்டும் வந்த புதுச் சாபமில்லை என்று பிறகு தெரிந்தது. மக்காச்சோளத்துக்குத் துத்தநாகம் இல்லாமல் முடியாது என்று 1914 வாக்கிலேயே பிரான்சு நாட்டில் மசே என்ற அறிஞர் காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் புளோரிடாவில் 1930களில் மணல் காடுகளில் மக்காச்சோளக் குருத்து வெளுத்தது. அங்கேயும் அதுக்கு வெள்ளைக் குருத்து என்றே பெயர் வைத்தார்கள். ஜிங்க் சல்பேட் போட்டதும் தெளிந்தது. நம்ம நாட்டில் 1966இல், இமயமலை அடிவாரத்தில் பந்த்நகரில், நெல் இலை செம்புள்ளி விழுந்து வயல் வயலாகப் போனது. கைரா நோய் என்றார்கள். பூச்சியும் இல்லை பூசணமும் இல்லை, துத்தநாகக் குறை என்று கண்டவர் நேனே என்ற விஞ்ஞானி. அடுத்த வருஷமே நாடு முழுக்க நுண்ணூட்டம் பற்றி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதில் சேர்த்தி. மனுஷருக்கும் இதே குறை வரும். 1960களில் ஈரானில் வளராமல் குட்டையாக நின்ற பையன்களைப் பார்த்து, துத்தநாகக் குறைதான் காரணமாக இருக்கும் என்று சொன்னவர் ஆனந்த பிரசாத், பீகாரில் பிறந்த டாக்டர்.

நாத்தனார் பேச்சைக் கேட்ட பிறகு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நான்கு பேர் போனோம். மண் எடுத்து வாருங்கள் என்றார்கள். எடுத்தோம், மறு நாளே கொண்டு போய்க் கொடுத்தோம். உதவி வேளாண்மை அலுவலர் பையை வாங்கிக்கொண்டு, "எதுல எடுத்தீங்கம்மா?" என்று கேட்டார். "மண்வெட்டிலதான் சார், வாளில போட்டுக் கலந்தோம்." "எந்த வாளி?" தண்ணி சேந்துகிற தகர வாளி என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த வாளி துருப் பிடிக்காமல் இருக்க மேலே பூசியிருப்பதே துத்தநாகம்தானாம். வாளியில் இருந்து ஒட்டினாலே போதும், இல்லாத சத்து இருக்கிற மாதிரி காட்டிவிடும். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் நிலத்தில் தேடினது கிணத்தடியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுபடி எடுத்தோம். இதை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் மண் எடுப்பதில் தப்பினால் பின்னால் வருவது எல்லாமே தப்பு. மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கவாட்டில், மேலிருந்து கீழ்வரை, மூங்கில் சிம்பால் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு துண்டில் 10, 15 இடம். வரப்போரம், எருக்குழி பக்கம், மர நிழல், உரம் போட்டு ஆறாத இடம் வேண்டாம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பக்கெட்டில் கலந்து, நிழலில் காய வைத்து, வட்டமாகப் பரப்பி நாலு பங்காகக் கோடு போட்டு, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரைக்கும் இப்படியே. பிறகு துணிப்பை, உள்ளே சீட்டு. மேட்டுத் துண்டு வேறு, பள்ளத் துண்டு வேறு. இரண்டையும் கலந்தால் உள்ளவளும் இல்லாதவளும் சேர்ந்து சராசரி ஆகிவிடுவார்கள்.

முடிவு வந்தது. என் மேட்டுத் துண்டில் துத்தநாகம் மிகக் குறைவு, கரிமச் சத்து குறைவு, மணிச்சத்து அதிகம். அந்த அதிகத்தைப் பார்த்ததும் போன வருஷத்து டிஏபி மூட்டை எல்லாம் எண்ணிக்கையோடு கண் முன்னால் வந்தது.

2012 ஆடியில் துணிந்து ஒரு ஏக்கரைப் பாதியாகப் பிரித்தேன். என்னை நம்பாதவர்களுக்காக இல்லை, எனக்கே நம்பிக்கை இல்லாததால். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்று கணக்கு வைத்தேன். அரை ஏக்கருக்கு 5 கிலோ. விலை 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மணலோடு கலந்து கரையிலும் சாலிலும் தூவினேன், மேலாக. மண்ணைக் கிளறி மூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டிஏபியோடு சேர்த்துக் கலக்கவும் கூடாது. கலந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பயிருக்கு இரண்டும் உதவாது. மணிச்சத்து அந்தத் துண்டில் ஏற்கெனவே இருந்ததால் டிஏபியைப் பெரும்பாலும் நிறுத்தினேன். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், அடியில் கால் பங்கு, 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மிச்சக் கால் என்று பிரித்துப் போட்டேன். இரண்டு பாதிக்கும் இதெல்லாம் ஒன்றேதான், ஜிங்க் மட்டும்தான் வித்தியாசம்.

அந்த வருஷமும் மூடாப்பும் குளிருமாக இருந்தது. நம்ம தளிக் குளிரை வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று புகழ்ந்தான் என்பார்கள். ஆனால் ஈரக் குளிரில் வேர் மெதுவாகத்தான் ஓடும். இருக்கிற துத்தநாகத்தையும் எட்டாது. ஜிங்க் போடாத பாதியில் மூன்றாவது வாரம் அதே வெளுப்பு. போட்ட பாதி பச்சையாக ஏறியது. நடுவில் கோடு கிழித்த மாதிரி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பேசின டீக்கடை ஆட்களும்தான்.

அறுத்து, உதிர்த்து, குழு உறுப்பினர் இரண்டு பேரை வைத்து எடை போட்டேன். போட்ட அரை ஏக்கர் ஏழரை மூட்டை. போடாத அரை ஏக்கர் ஐந்தரை.

ஒரு டன் மக்காச்சோளத் தானியம் நிலத்திலிருந்து எடுத்துப் போகிற துத்தநாகம் சுமார் 20 கிராம்தான், இரண்டு கைப்பிடி கூட இல்லை. அது இல்லாமல்தான் இத்தனை மூட்டை யூரியாவும் வீணாகியிருக்கிறது.

எல்லாருக்கும் இப்படியே ஆனது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஏழு பேரில் நான்கு பேருக்குத்தான் துத்தநாகக் குறை. ஒரு அக்கா காட்டில் இலை ஓரம் கருகியது, அடி இலையில் இருந்து. அது சாம்பல்சத்துக் குறை. பொட்டாஷ் போட்டுத் தெளிந்தது. இன்னொருத்திக்குச் சத்தில் குறையே இல்லை, காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணி இல்லை. அவள் ஜிங்க் வாங்கிப் போட்டுக் காசுதான் போனது. மண் பார்க்காமல் என்னைப் பார்த்து வாங்கினாள். அதுக்கு நானும் பொறுப்பு, ஏனென்றால் அந்த அறுப்புக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் ஜிங்க் ஜிங்க் என்று பிரசாரமே பண்ணிக்கொண்டிருந்தேன்.

அதுக்குப் பிறகு இலையைப் பார்க்கக் கற்றோம். தழைச்சத்து குறைந்தால் கீழ் இலை நுனியில் இருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கும். ஏனென்றால் அந்தச் சத்தைக் கிழட்டு இலை தன்னிடம் இருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும், நம்ம வீட்டு அம்மாக்கள் மாதிரி. துத்தநாகம் அப்படிச் சுலபமாக நகராது. அதனால் குருத்துதான் முதலில் வாடும். மணிச்சத்து குறைந்தால் இளஞ்செடி இலை ஊதா நிறம் ஆகும், குளிரிலும் அப்படி ஆகி வெயில் வந்ததும் தெளிவதுண்டு, பயப்படாதீர்கள். வெளுப்பு வந்துவிட்ட பயிரை அந்த வருஷமே காப்பாற்ற வேண்டுமென்றால், 10 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து இலையில் தெளிக்கலாம். மண்ணில் ஒருமுறை போட்டது இரண்டு மூன்று பயிருக்கு நிற்கும். வருஷா வருஷம் கொட்ட வேண்டியதில்லை.

2013 மாசியில் கடன் பாக்கி தீர்ந்தது. "காட்டுல புதைச்சீங்க" என்று சொன்னவளே மினிட் நோட்டில் அந்த வரியை எழுதினாள், அப்போது அவள்தான் எங்க எழுத்தர். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டோம். பயிர்க்கடன் கேட்பவர் மண் பரிசோதனைச் சீட்டை மனுவோடு வைக்க வேண்டும். எருக்குழி வெட்ட, கொட்டாய் தரை போட என்று கேட்டால் முதலில் அதுக்குக் கொடுக்க வேண்டும். முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு வந்தது, "வங்கியே கேக்கல, நீங்க கேக்கறீங்க" என்று. நிறைவேறியது. பிறகு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் அதை எடுத்துக்கொண்டது.

2015 பிப்ரவரி 19இல் ராஜஸ்தானில் சூரத்கரில் மண் வள அட்டைத் திட்டத்தை மத்திய அரசு ஆரம்பித்தது. அட்டையில் 12 விவரம் வரும். கார அமில நிலை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், பிறகு துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். எங்களுக்குச் சந்தோஷம். நாங்கள் அலைந்து திரிந்து வாங்கினது வீட்டுக்கே வருகிறது. ஆனால் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, அந்தத் திட்டத்தில் அப்போது மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு இடத்தில்தான் மண் எடுத்தார்கள். 10 ஹெக்டேர் என்றால் 25 ஏக்கர். நம்மில் பல பேருக்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர். அந்த அட்டையில் இருப்பது பக்கத்துக் காட்டு மண்ணாக இருக்கலாம். என் மேட்டுத் துண்டுக்கும் அதே வரப்பில் இருக்கிற பள்ளத் துண்டுக்குமே கணக்கு வேறு வேறு. அட்டை ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவள் தன் மண்ணைத் தனியாக எடுத்துக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, அட்டையில் பேர். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் அட்டை. எருச் சுமந்தவள், மண் எடுத்தவள், 50 கிராமைத் தராசில் நிறுத்தவள் பேர் எங்கேயும் இல்லை. இதை நான் வீட்டில் சண்டையாக ஆக்கவில்லை. ஆனால் மேட்டுத் துண்டை விற்கிற பேச்சு 2016இல் மறுபடி வந்தபோது, ஏழரை மூட்டைக் கணக்கை எடுத்து வைத்துப் பேசினேன். ஒரு வருஷம் இழுத்தது. இப்போது அந்தத் துண்டு மட்டும் கூட்டுப் பட்டா, என் பேரும் சேர்ந்து.

2018இல் படைப்புழு வந்தது. கர்நாடகத்தில் சிவமொக்காப் பக்கம்தான் நாட்டிலேயே முதலில் கண்டார்கள், அதே வருஷம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. குருத்துக்குள்ளே உட்கார்ந்து தின்றது. அந்தக் கதை தனி, அதுக்கு நுண்ணூட்டம் மருந்தில்லை. பாதிப் பேர் மக்காச்சோளத்தை விட்டுத் தக்காளி, கோஸ் என்று போனார்கள், சிலர் ராகிக்கே திரும்பினார்கள். நான் அரை ஏக்கர் ராகி, மிச்சம் மக்காச்சோளம் என்று வைத்துக்கொண்டேன். ராகியில் அவரைச் சால் விடுகிறேன். மாடு இரண்டு இருக்கிறது, இரண்டும் கறவை. எருக்குழி மாமியார் காலத்து அளவு இல்லை, பாதிதான். வருஷத்துக்கு ஆறு ஏழு டிராக்டர் பெட்டி தேறும். அதை மேட்டுத் துண்டுக்கே போடுகிறேன்.

கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் கீழ்த் தட்டில் ஒரு சாக்குப் பை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஆறு மூங்கில் சிம்பு, இரண்டு பிளாஸ்டிக் பக்கெட், துணிப்பைகள், ஒரு சின்னத் தராசு இருக்கிறது. எழுத்தரிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், வாடகை இல்லை. போன தடவை எடுத்துப் போனவர் ஒரு பக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. யாராக இருந்தாலும் பங்குனி முடிவதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், சித்திரையில் கோடை உழவுக்கு முன்னால் மண் எடுக்க வேண்டியிருக்கிறது.